சம்பந்தி வீட்டில் சிப்பி விருந்து: முதல் தடவை, பச்சையாகச் சாப்பிடலாமா?

கானாடுகாத்தான் முற்றம் (நவம்பர் 16)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயம் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பிரான்ஸில் ரென் என்ற ஊரில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த நாட்டுப் பையனையே கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணம் நம் ஊரில், எங்கள் வளவு வீட்டில்தான் நடந்தது. சம்பந்தி வீட்டிலிருந்து எட்டுப் பேர் வந்து பத்து நாள் தங்கினார்கள். கல்யாணச் சாப்பாடு சைவம், அதில் பிரச்சினை இல்லை. அது முடிந்து மூன்றாம் நாள் தொண்டியிலிருந்து நண்டு வந்தது, நான் நம் பக்கத்துக் காரத்தோடு மசாலா செய்துவிட்டேன். சம்பந்தி அம்மாவுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது, ஆனாலும் இலையில் வைத்ததைக் கடைசிவரை சாப்பிட்டு, நண்டுக் காலை எப்படி உடைத்து உறிஞ்சுவது என்று என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். பத்து நாளில் ஒரு பண்டத்தைக்கூட அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது என் மனதில் அப்படியே நிற்கிறது.

இப்போது டிசம்பரில் நாங்கள் அங்கே போகிறோம். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு பெரிய விருந்தாம். அதில் முதலில் வருவது சிப்பி, அதுவும் பச்சையாக. ஓட்டைத் திறந்து, எலுமிச்சை பிழிந்து அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்களாம். அவர்கள் வீடு கன்கால் என்ற கடற்கரை ஊருக்குப் பக்கத்தில், அந்த ஊரே சிப்பிக்குப் பேர் போனதாம். மகள் நாலு வருடமாகச் சாப்பிடுகிறாள், "ஒன்றும் ஆகாது ஆத்தா" என்கிறாள்.

நான் அசைவம் எல்லாம் சாப்பிடுவேன். ஆட்டு மூளை, ஈரல், குடல், நண்டு, சுறாப்புட்டு எல்லாம் செய்து பழகிய கைதான். ஆனால் வேகாத எதையும் இந்த 57 வயது வரை வாயில் வைத்ததில்லை. எனக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் அசிடிட்டிக்கு ஒரு மாத்திரையும் போடுகிறேன். வீட்டுக்காரருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, இரண்டு துண்டு சாப்பிட்டாலே உதடு தடித்துவிடும். சிப்பியும் அப்படித்தானா?

அவர்கள் மனம் நோகக் கூடாது. அதே நேரம், போன இடத்தில் படுத்துவிடவும் கூடாது. சாப்பிட்டவர்கள் எப்படி இருக்கும், எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லுங்கள்.


வில்லியனூர் டு பாரிஸ்

ஆச்சி, வணக்கம். நான் பாண்டிக்காரன், பதினாறு வருடமாக இங்கே இருக்கிறேன். முதல் தடவை நானும் தட்டைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், அதனால் உங்கள் நிலைமை நன்றாகவே புரிகிறது.

இங்கே சிப்பியில் இரண்டு சாதி. அதிகமாகக் கிடைப்பது குழிந்த ஓடு உள்ளது, அதை "க்ரூஸ்" என்பார்கள். தட்டையாக, வட்டமாக இருப்பது "ப்ளாத்", அதற்கு விலையும் கூட, ருசியும் ரொம்பக் கனம். முதல் தடவைக்கு க்ரூஸ்தான் சரி. பெட்டியில் ஒரு எண் போட்டிருக்கும், எண் ஏற ஏற சிப்பி சிறிசு. எல்லோரும் வாங்குவது 3ஆம் எண், ஒன்று 66 முதல் 85 கிராம் வரை இருக்கும், ஓட்டோடு சேர்த்துத்தான். உங்களுக்கு 4 அல்லது 5 வாங்கச் சொல்லுங்கள். பெரிசை எடுத்துவிட்டு வாய் கொள்ளாமல் தவிப்பதுதான் புதிதாகச் சாப்பிடுகிறவர்கள் செய்யும் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, மெல்லாமல் விழுங்குவது. மாத்திரை மாதிரி முழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் தவிர ஒன்றும் தெரியாது, தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும்போது குமட்டவும் செய்யும். இரண்டு மூன்று கடி கடிக்க வேண்டும். கடித்தால்தான் இனிப்பு வெளியே வரும். சின்ன முள்கரண்டியால் அடியில் ஒட்டியிருக்கும் தசையை விடுவித்துக்கொண்டு, ஓட்டின் அகலமான பக்கத்தை உதட்டில் வைத்துச் சாய்த்தால் போதும். திறந்தவுடன் உள்ளே இருக்கும் முதல் தண்ணீரைப் பல பேர் கொட்டிவிடுவார்கள், சிப்பி மறுபடி தண்ணீர் விடும், அது ருசியாக இருக்கும்.

கூடவே கம்பு ரொட்டி மாதிரி கறுப்பாக ஒரு ரை ரொட்டி, உப்புப் போட்ட வெண்ணெய், எலுமிச்சை, அப்புறம் வினிகரில் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டு மிளகு தூவிய ஒரு சாறு வைப்பார்கள். அந்த வெங்காயம் வேறு ஒன்றுமில்லை, கிட்டத்தட்ட நம் சின்ன வெங்காயம்தான். அதைப் பார்த்ததும் உங்களுக்குப் பாதி பயம் போய்விடும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது மேசையில் வைத்துச் சொன்னால் அதிர்ச்சியாக இருக்கும். பச்சையாகச் சாப்பிடும் சிப்பி அந்த நேரத்தில் உயிரோடுதான் இருக்கும், உயிரோடு இருக்க வேண்டும். எலுமிச்சைச் சொட்டு பட்டதும் ஓரத்தில் இருக்கும் கறுப்புக் கொசுவம் லேசாகச் சுருங்கும். அது நல்ல சிப்பி என்பதற்கு அடையாளம். செத்த சிப்பியைத்தான் தொடக் கூடாது.

தைரியமாகச் சாப்பிடுங்கள் ஆச்சி.


செக்காலை ரோடு

எலுமிச்சையோ வினிகரோ தாராளமாக ஊற்றிச் சாப்பிட்டால் இருக்கிற கிருமி எல்லாம் செத்துப்போகும். கூட ஒரு வாய் வைன் குடித்தால் ஒன்றும் செய்யாது. யோசிக்கவே வேண்டாம்.


வார்டு சிஸ்டர்

மேலே சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வேலை முடிந்து வந்தவுடன் எழுதுகிறேன். எலுமிச்சை, வினிகர், மிளகாய்ச் சாறு, மது, இவை எதுவும் சிப்பிக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லாது. சூடு மட்டும்தான் கொல்லும். நான் இருபது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருக்கிறேன், சர்க்கரைக்காரர்களை தினமும் பார்க்கிறேன், அதனால் ஆச்சியின் கேள்வியில் மற்றவர்கள் தாண்டிப் போன இரண்டு வரி என் கண்ணில் முதலில் பட்டது: சர்க்கரை, வெறும் வயிற்று மாத்திரை.

சிப்பி ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்கக் கடல் தண்ணீரை உள்ளே இழுத்து, வடிகட்டி, அதில் இருக்கும் நுண்ணிய பாசியைத் தின்று வாழ்கிற உயிர். வளர்ந்த சிப்பி ஒரு நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல்கூட வடிகட்டும். தண்ணீர் சுத்தமாக இருந்தால் நல்லது, தண்ணீரில் கெட்டது இருந்தால் அதையும் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். மீனை வெட்டிக் குடலை எடுத்துவிட்டுத்தான் சமைக்கிறோம். சிப்பியை அதன் வயிறு குடல் எல்லாம் சேர்த்து முழுசாகச் சாப்பிடுகிறோம். இதுதான் விஷயமே.

அதில் வரக்கூடியவை முக்கியமாக இரண்டு. ஒன்று விப்ரியோ என்ற பாக்டீரியா, காலரா கிருமியின் குடும்பம். இது வெதுவெதுப்பான கடலில்தான் பெருகும். இதில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற வகை தொற்றிவிட்டால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் பிழைப்பதில்லை. ஆரோக்கியமானவருக்கு அது வருவது அபூர்வம். கல்லீரல் நோய், சர்க்கரை, புற்றுநோய் சிகிச்சை, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போடுகிறவர்கள், இவர்களுக்குத்தான் ஆபத்து கூடும். வயிற்று அமிலம் என்பது நம் வாசல் காவல்காரன் மாதிரி, மாத்திரை போட்டு அவனைத் தூங்க வைத்திருக்கிறோம். ஆச்சிக்கு இந்தப் பட்டியலில் இரண்டு இருக்கிறது.

டிசம்பரில் அந்த ஊர்க் கடல் குளிர்ந்து கிடக்கும், அதனால் விப்ரியோ பயம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் குளிர்காலத்தில் இன்னொன்று வரும், நோரோ வைரஸ். பெரிய மழையில் சாக்கடை நிரம்பி வழிந்து கடலில் கலந்தால் சிப்பிக்குள் ஏறிவிடும். 2023 டிசம்பரில் பிரான்ஸிலேயே ஆர்க்காஷோன் விரிகுடாச் சிப்பியைச் சாப்பிட்டுப் பல பேருக்கு வாந்திபேதி வந்து, கிறிஸ்துமஸ் முடிந்த இரண்டாம் நாள் அந்தச் சிப்பி விற்பனையை அரசாங்கமே நிறுத்தியது. நல்ல ஊர், நல்ல கடை, நல்ல குளிர், எல்லாம் இருந்தும் நடந்தது. கெட்டுப்போன மீன் போல இதைப் பார்த்தோ மோந்தோ கண்டுபிடிக்க முடியாது. கிருமி இருக்கிற சிப்பியும் அதே வாசனைதான், அதே ருசிதான்.

அதனால் என் வார்த்தை: ஆச்சி, சாப்பிடுங்கள், ஆனால் வெந்ததைச் சாப்பிடுங்கள். வேகவைக்கிறதிலும் கணக்கு உண்டு. ஓட்டோடு கொதிக்க வைத்தால் வாய் திறந்த பிறகு இன்னும் 3 முதல் 5 நிமிஷம் கொதிக்க வேண்டும். வெந்தும் திறக்காததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஓட்டிலிருந்து எடுத்த சதை என்றால் குறைந்தது 3 நிமிஷம். ஓவனில் என்றால் 230 டிகிரியில் 10 நிமிஷம். மேலே வெண்ணெய் உருகி, உள்ளே வெதுவெதுப்பாக இருப்பதை வெந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நோரோ வைரஸ் லேசான சூட்டுக்குச் சாகாது, சிப்பியின் உள்சதை 90 டிகிரிக்கு வந்து ஒன்றரை நிமிஷமாவது நிற்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்காரர் விஷயம்: இறால், நண்டு ஒரு வகை, சிப்பி, கணவாய் வேறு வகை. இறால் ஒத்துக்கொள்ளாத எல்லோருக்கும் சிப்பி ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டிலும் ஒரே மாதிரியான புரதம் இருப்பதால் சிலருக்கு இதிலும் வந்துவிடும். இந்த அலர்ஜி வேகவைத்தாலும் போகாது. உதடு தடிக்கிற அளவுக்கு இருப்பவர், மொழி தெரியாத ஊரில், ராத்திரி விருந்தில் சோதித்துப் பார்க்க வேண்டாம். அவர் தொடவே வேண்டாம். கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.


வில்லியனூர் டு பாரிஸ்

சிஸ்டர் சொல்வது சரி. சர்க்கரை என்று எழுதியிருந்ததை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் ஆச்சி. வெந்த சிப்பியும் இங்கே மரியாதையான விருந்துப் பண்டம்தான், குறைச்சலாக யாரும் நினைக்க மாட்டார்கள். "ஊய்த்ர் ஷோத்" என்று கேளுங்கள், சூடான சிப்பி என்று அர்த்தம். நன்றாக வெந்திருக்க வேண்டும் என்று சொல்ல "பியான் க்யூயித்" என்றால் போதும். முன்கூட்டியே மகளை விட்டுச் சொல்லிவிட்டால் அவர்களே தனியாக ஒரு தட்டு செய்துவிடுவார்கள். விருந்தன்று மேசையில் சொன்னால்தான் சங்கடம்.


முத்துநகர் உப்புக்காற்று

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். சிப்பி ஏதோ பிரான்ஸ்காரன் பண்டம் என்று எல்லோரும் பேசுவதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் கடலில் இல்லாததா? எங்கள் பக்கம் சாப்பிடுகிற சிப்பியை ஆளி என்போம். கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் பாறை, பாலத்துத் தூண், பழைய கட்டை எதைக் கண்டாலும் ஒட்டிக்கொண்டு வளரும். விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பேரிலேயே மெட்ராஸ் இருக்கிறது, க்ரஸோஸ்ட்ரியா மெட்ராஸென்ஸிஸ். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் 1970களிலேயே இதை வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். காலி ஓடுகளைக் கம்பியில் கோத்துத் தண்ணீரில் தொங்கவிட்டால் குஞ்சுகள் வந்து ஒட்டிக்கொள்ளும், அதைத் தூக்கிப் பரணில் கட்டி வளர்க்க வேண்டியதுதான். கேரளத்தில் அஷ்டமுடிக் காயல் பக்கம் பெண்கள் குழுக்களே வளர்த்து விற்கிறார்கள். கண்டுபிடித்தது இங்கே, சாப்பிடப் பழகிக்கொண்டது அங்கே. எனக்கு இதில் ரொம்ப நாள் வருத்தம் உண்டு.

எங்கள் அம்மா பச்சையாக ஒன்றைக்கூடத் தொட விடமாட்டார். ஓட்டோடு பானையில் போட்டு, வாய் திறந்ததும் இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு, சதையை எடுத்துத் தொக்குப் பண்ணுவார். ஆளித் தண்ணீரை மட்டும் கீழே ஊற்ற மாட்டார், மண் இருக்கும் என்று வெள்ளைத் துணியில் வடிகட்டித் தொக்கிலேயே சேர்த்துவிடுவார். ருசி முழுக்க அதில்தான்.

இன்னொன்று, எல்லோரும் கேட்பது: இதில் முத்து இருக்காது. முத்துக் கொடுக்கும் சிப்பி வேறு குடும்பம், மன்னார் வளைகுடாவில் ஆழத்தில் கிடப்பது. சாப்பிடுகிற சிப்பியில் எப்போதாவது ஒரு மணி உருண்டு வந்தாலும் அதில் பளபளப்பு இராது, பல்லில் கடிபடும், அவ்வளவுதான். கவனமாக மெல்லுங்கள்.


சுண்ணாம்புக் காரை

நான் பழைய வீடுகளுக்குப் பூச்சு வேலை பார்க்கிறவன். ஆச்சி, நீங்கள் பிறந்ததிலிருந்து சிப்பியோடுதான் வாழ்கிறீர்கள். உங்கள் வளவு வீட்டுச் சுவர் கண்ணாடி மாதிரி வழவழவென்று, வெயில் காலத்தில் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கிறதே, அந்தப் பூச்சில் இருப்பது கடல் சிப்பியும் கிளிஞ்சலும் சுட்ட சுண்ணாம்பு. கூடக் கடுக்காய்த் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு. சாப்பிட்டுவிட்டு அவர்கள் ஓட்டை என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வந்து சொல்லுங்கள்.


கானாடுகாத்தான் முற்றம் (நவம்பர் 19)

எல்லோருக்கும் நன்றி. டாக்டரிடம் கேட்டேன், சிஸ்டர் சொன்னதையே சொன்னார். மகளை விட்டுச் சம்பந்தி அம்மாவிடம் பேசச் சொல்லிவிட்டேன். அவர் உடனே, "அதனால் என்ன, உங்களுக்கு அடுப்பில் வைத்துத் தருகிறேன்" என்றாராம். நான்தான் ஒரு வாரமாகத் தூக்கம் வராமல் புரண்டிருக்கிறேன். போய் வந்து எழுதுகிறேன்.


கானாடுகாத்தான் முற்றம் (ஜனவரி 12)

வந்துவிட்டோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விருந்துக்கு முதல் நாள் கன்காலுக்குக் கூட்டிப் போனார்கள். கடல் அப்படி உள்வாங்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அந்த விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 14 மீட்டர் வரை வித்தியாசம் வருமாம். தண்ணீர் விலகிப் போன சேற்றில் இரும்பு மேசைகள் வரிசை வரிசையாக, நாற்றங்கால் பாத்தி கட்டின மாதிரி. ஒவ்வொன்றின் மேலும் வலைச் சாக்கு, சாக்குக்குள் சிப்பி. டிராக்டரில் போய் இறங்கி அந்தச் சாக்குகளைப் புரட்டிப் போடுகிறார்கள். விற்கிற அளவுக்கு வளர மூன்று வருடம் ஆகுமாம். மூன்று வருடம் ஒரு பயிரைக் காப்பாற்றுவது என்றால் சும்மாவா? அந்தக் குளிரில் ரப்பர் காலணி போட்டுக்கொண்டு என் வயதுப் பெண்மணிகள் வேலை பார்த்ததைக் கண்டதும், சாப்பிடாமல் திரும்பக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

துறையில் பத்துக் கடை. வாங்கின இடத்திலேயே திறந்து கொடுக்கிறார்கள், ஜனங்கள் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஓட்டைக் கீழே கடற்கரையில் வீசுகிறார்கள். காரை தம்பி, அந்தக் கரை முழுக்க ஓடுதான், மணலே தெரியவில்லை. உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

விருந்தன்று சம்பந்தி அம்மா சமையல்கட்டில் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு திறந்து காட்டினார். இடது கையில் தடித்த துணி, அதில் சிப்பியைக் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்துக்கொண்டு, குட்டைக் கத்தியை ஓரத்தில் செருகி ஒரு திருகு. நொங்குக் கண்ணைப் பெருவிரலால் தோண்டும்போது ஒரு பிடி விடுமே, அந்த மாதிரி சட்டென்று விட்டது. உள்ளே வெள்ளையும் சாம்பலுமாகச் சதை, சுற்றிலும் கறுப்புக் கொசுவம், ஓட்டின் உட்பக்கம் நம் வீட்டுச் சுவரேதான், அதே வெளுப்பு, அதே வழவழப்பு. விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டு எலுமிச்சை விட்டார். கொசுவம் சுருங்கியது. மகள் அதை வாங்கி என் கண்ணெதிரே சாப்பிட்டாள், நாலு கடி கடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சரியாகிவிட்டது.

எனக்கு ஆறு. பூண்டும் வெண்ணெயும் வைத்து ஓவனில் 230 டிகிரியில் பத்து நிமிஷம், நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சதை பாதியாகச் சுருங்கி, ஓரம் கெட்டியாகி, வெண்ணெய் கொதித்துக்கொண்டு வந்தது. முதல் வாயில் உப்பு, தொண்டிக் கடலில் முழுகி எழுந்தால் வாய்க்குள் ஏறுமே அந்த உப்பு. மென்றால் ஆட்டு ஈரல் மாதிரி ஒரு கனம், ஆனால் ஈரலின் கசப்பு இல்லை. விழுங்கின பிறகு, எதிர்பார்க்காத நேரத்தில், இளநீர் வழுக்கை மாதிரி ஒரு இனிப்பு நாக்கின் பின்பக்கம் வந்து நின்றது. முதலாவது ஒன்றும் புரியவில்லை. மூன்றாவது பிடித்துவிட்டது. ஆறாவது முடிந்தபோது இன்னும் இரண்டு இருந்தால் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்காரர் சிப்பியைத் தொடவில்லை, அவருக்கென்று கோழி வறுத்து வைத்திருந்தார்கள். யாரும் வற்புறுத்தவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டும். மறுநாள் மீதி ஒன்றரை டஜன் இருந்தது. "நம் பக்கத்து முறையில் நான் செய்யட்டுமா" என்று கேட்டேன். ஊரிலிருந்து மிளகு, சோம்பு, உலர்ந்த கறிவேப்பிலை கொண்டு போயிருந்தேன். முத்துநகர் தம்பி சொன்னபடியே ஓட்டோடு கொதிக்கவைத்து, திறந்த பிறகும் ஐந்து நிமிஷம் விட்டு, தண்ணீரைத் துணியில் வடிகட்டி வைத்துக்கொண்டேன். நல்லெண்ணெயில் சோம்பு, அந்த ஊர்ச் சின்ன வெங்காயம், நிறையப் பூண்டு, மஞ்சள், வடிகட்டின தண்ணீர், அது வற்றியதும் சதை, கடைசியில் கொரகொரவென்று இடித்த மிளகு. யாராவது செய்தால் ஒன்று கவனித்துக்கொள்ளுங்கள், உப்பே போடக் கூடாது. நான் பழக்கத்தில் ஒரு சிட்டிகை போட்டுவிட்டேன், அதுவே கூடிவிட்டது. சதையையும் மசாலாவில் நெடுநேரம் புரட்டக் கூடாது, ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஏற்கெனவே வெந்ததுதானே, மிளகு ஒட்டினால் போதும்.

சம்பந்தி அம்மா ரொட்டியால் வாணலியை வழித்துச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் கானாடுகாத்தான் நண்டு அளவுக்கு இல்லை என்று அவரே சொன்னார்.


வார்டு சிஸ்டர்

படிக்கும்போதே நிறைவாக இருக்கிறது ஆச்சி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்களே, அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். சர்க்கரை அளவு பார்த்தீர்களா? சிப்பியில் மாவுச்சத்து கம்மி, துத்தநாகமும் பி12 சத்தும் நிறைய, அதனால் சிப்பி உங்களுக்குக் கெடுதல் இல்லை. அந்த ரொட்டியும் இனிப்பும்தான் ஏற்றியிருக்கும்.


கானாடுகாத்தான் முற்றம்

பார்த்தேன் சிஸ்டர், கொஞ்சம் ஏறித்தான் இருந்தது, கிறிஸ்துமஸ் கேக்கை விட முடியவில்லை. இப்போது இறங்கிவிட்டது.

முத்துநகர் தம்பி, ஒரு கேள்வி. எங்கள் பக்கம் தொண்டி, ஜெகதாப்பட்டினம் மீன்காரர்களிடம் கேட்டால் "ஆளியா, அதை யார் ஆச்சி வாங்குவாங்க" என்கிறார்கள். நம் கடல் ஆளியை நம்பி வாங்கலாமா?


முத்துநகர் உப்புக்காற்று

ஆச்சி, கழிமுகத்தில் யாரோ பெயர்த்து வந்ததைச் சும்மா வாங்கிவிடாதீர்கள். ஊர்ச் சாக்கடை எங்கே கலக்கிறது என்று தெரியாத தண்ணீரில் வளர்ந்தது வேண்டாம், சாக்கடையில் வருகிற எல்லாம் வேகவைத்தாலும் போய்விடும் என்று இல்லை. வளர்ப்புப் பண்ணையிலிருந்து எடுத்து, சுத்தப்படுத்திய கடல் தண்ணீரில் ஒரு நாளாவது போட்டு வைத்துக் கக்கவிட்டது என்றால் வாங்கலாம். ஈரச் சாக்கில் சுற்றி, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்துக் கொண்டு போங்கள், உப்பில்லாத நல்ல தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், செத்துவிடும். தட்டினால் வாயை மூடுகிறதா என்று பார்த்து, மூடாததை ஒதுக்கிவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த இடத்தில் விசாரித்துச் சொல்கிறேன். இந்தப் பக்கம் வரும்போது வீட்டுக்கு வாருங்கள், அம்மா தொக்கு வைப்பார். மிளகு மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள்.


கானாடுகாத்தான் முற்றம்

மாசி மாதம் திருச்செந்தூர் வருகிறோம் தம்பி. சாமி கும்பிட்டுவிட்டு மறுநாள் வருகிறேன். மிளகு இடித்தே கொண்டு வருகிறேன்.